டிஎன்ஏ-வை எண்ணுவது எப்படி? சிடி வேல்யூவின் கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட்ல ஒரே ஒரு நம்பரைப் பத்திப் பேசப் போறோம். 2020, 2021-ல ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் எடுத்தவங்களுக்கு அது நல்லா ஞாபகம் இருக்கும். ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு போட்டு, பக்கத்துல சிடி வேல்யூன்னு ஒரு நம்பர் இருக்கும். 19, 24, 31, இப்படி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அதை பிளஸ் டூ மார்க் மாதிரி ஒப்பிட்டுப் பேசினாங்க. "எனக்கு 18தான், மாமாவுக்கு 29, பாவம் அவருக்குத்தான் ஜாஸ்தி"ன்னு சொன்னவங்க நிறையப் பேர். உண்மையில அந்த நம்பர் தலைகீழா வேலை செய்யும். குறைஞ்சா வைரஸ் அதிகம், கூடினா வைரஸ் குறைவு.

அது ஏன் தலைகீழா இருக்கு? அந்த நம்பரை எப்படி எடுக்கிறாங்க? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்த மூணு கேள்விதான் இன்னைக்கு.

நான் சாஃப்ட்வேர் ஆளு. பயாலஜி படிச்சது பத்தாம் வகுப்போட சரி. ஆனா இதைப் படிக்கப் படிக்க, நம்ம வேலையில தினமும் பாக்குற பிரச்சினைதான் இதுன்னு தோணுச்சு. ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது, நேரா எண்ணவும் முடியாது. அது கிளப்புற ஒரு சிக்னலை அளந்து, அதுல இருந்து எண்ணிக்கையைக் கணக்குப் போடணும். அந்தக் கணக்கு எங்கெல்லாம் நம்மை ஏமாத்தும்ங்கிறதுதான் விஷயமே. ஒரு தடவை அப்படி ஏமாத்தின கணக்கு, சுமார் 5,000 குடும்பங்கள் போட்டிருந்த வழக்குகள் வரைக்கும் போச்சு. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல ஜெராக்ஸ் மெஷின்

பிசிஆர்-ங்கிறது டிஎன்ஏ-வுக்கான ஜெராக்ஸ் மெஷின். 1983-ல கலிஃபோர்னியாவுல சீட்டஸ்-ங்கிற கம்பெனியில வேலை பார்த்த கேரி முல்லிஸ் கண்டுபிடிச்சது. 1993-ல அதுக்காக வேதியியல் நோபல் பரிசும் வாங்கினார்.

வேலை ரொம்ப சிம்பிள். டிஎன்ஏ ரெட்டை இழை. அதை 95 டிகிரிக்குச் சூடாக்கினா இழை ரெண்டும் பிரியும். கொஞ்சம் குளிரவிட்டா, பிரைமர்-ங்கிற சின்னத் துண்டுகள் நமக்கு வேண்டிய இடத்துல போய் ஒட்டும். அப்புறம் டாக் பாலிமரேஸ்-ங்கிற என்சைம் அங்கிருந்து புது இழையைக் கட்டும். ஒண்ணு ரெண்டாச்சு. இது ஒரு சைக்கிள். மறுபடி சூடு, மறுபடி குளிர். ரெண்டு நாலு, நாலு எட்டு. அவ்வளவு சூட்டுலயும் இந்த என்சைம் கெடாது, ஏன்னா அது வெந்நீர் ஊற்றுல வாழுற பாக்டீரியாவுல இருந்து வந்தது. அந்த பாக்டீரியாவை 1960-கள்ல அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுல கண்டுபிடிச்சாங்க.

ஒவ்வொரு சைக்கிளும் சரியா ரெட்டிப்பாச்சுன்னா, 30 சைக்கிள்ல ஒரே ஒரு டிஎன்ஏ துண்டு 107 கோடிப் பிரதியா ஆகிடும். நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டா மயக்கம் போட்டுடுவார்.

தயிர் பாத்திரம் சொல்ற உண்மை

இப்ப ஒரு கேள்வி. 107 கோடிப் பிரதி எடுத்தாச்சு. ஆனா நமக்குத் தெரிய வேண்டியது, ஆரம்பத்துல எத்தனை இருந்துச்சுங்கிறது. நோயாளி உடம்புல வைரஸ் கொஞ்சமா, நிறையவா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆரம்ப காலத்துல, எல்லா சைக்கிளும் முடிஞ்ச பிறகு பார்த்தாங்க. பிரதிகளை அகரோஸ்-ங்கிற ஜெல்லியில விட்டு, கரண்ட் கொடுத்து நகர்த்தி, எத்திடியம் புரோமைடு-ங்கிற சாயத்தைச் சேர்த்து, புற ஊதா வெளிச்சத்துல பார்த்தா ஆரஞ்சு நிறக் கோடு தெரியும். கோடு பிரகாசமா இருந்தா நிறைய, மங்கலா இருந்தா கொஞ்சம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டை.

வீட்டுல தயிருக்கு உறை ஊத்துறதை நினைச்சுக்கோங்க. ரெண்டு பாத்திரத்துல ஒரே அளவு வெதுவெதுப்பான பால். ஒண்ணுல ஒரு ஸ்பூன் உறைமோர், இன்னொண்ணுல ஒரே ஒரு சொட்டு. ராத்திரி மூடி வெச்சுட்டுத் தூங்கிட்டீங்க. காலையில பார்த்தா ரெண்டுமே கெட்டித் தயிர். எதுல ஸ்பூன், எதுல சொட்டுன்னு காலையில வந்து பாக்குறவங்களால சொல்ல முடியுமா? முடியாது. பால் அவ்வளவுதான், அதுக்கு மேல தயிராக அதுல ஒண்ணும் மிச்சம் இல்ல.

பிசிஆர்-லயும் இதே கதை. டியூப்ல இருக்கிற பிரைமர் தீரும், மூலப்பொருள் குறையும், என்சைம் களைச்சுப் போகும். ஒரு கட்டத்துக்கு மேல ரெட்டிப்பு நின்னு, கிராஃப் படுத்துடும். 100 பிரதியில ஆரம்பிச்சதும் ஒரு லட்சத்துல ஆரம்பிச்சதும் கடைசியில ஏறக்குறைய ஒரே உயரத்துல வந்து நிக்கும். சர்வர் கிராஷ் ஆன பிறகு லாக் பார்த்து, எந்த யூசர் முதல்ல வந்தார்னு கண்டுபிடிக்கப் பாக்குற மாதிரி. தகவல் நடுவுல இருந்துச்சு, நாம கடைசியில போய்த் தேடுறோம்.

அப்ப என்ன பண்ணணும்? தூங்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாக்கணும். எந்தப் பாத்திரம் முதல்ல உறைய ஆரம்பிக்குதோ, அதுலதான் உறை அதிகம்.

ஓடும்போதே பாக்குறது

இதைச் செஞ்சு காட்டினவர் ரஸ்ஸல் ஹிகுச்சி. 1992-ல அவரும் கூட்டாளிகளும் அதே எத்திடியம் புரோமைடை முதல்லயே டியூபுக்குள்ள போட்டுட்டாங்க. டிஎன்ஏ கூடக்கூட ஒளிர்வு கூடும். டியூபைத் திறக்கவே வேண்டாம், வெளியில இருந்தே அளக்கலாம். 1993-ல ஒரு வீடியோ கேமராவை வெச்சு, பல டியூப்களை ஒரே நேரத்துல, ஒவ்வொரு சைக்கிளும் கண்காணிச்சாங்க. இப்ப ரியல் டைம் பிசிஆர்-னு சொல்றது இதைத்தான். நம்ம பாஷையில, கடைசி ரிப்போர்ட்டுக்குப் பதிலா லைவ் டேஷ்போர்டு.

இப்போதைய லேப்கள்ல ரெண்டு வழி பிரபலம். ஒண்ணு சைபர் கிரீன்-ங்கிற சாயம். ரெட்டை இழை டிஎன்ஏ எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கிட்டு ஒளிரும். மலிவு, சுலபம். ஆனா அதுக்கு ஆள் அடையாளம் தெரியாது. பிரைமர் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருவாகுற குப்பைத் துண்டுக்கும் ஒளிரும். அதனால கடைசியில மெல்ல மெல்லச் சூடாக்கி, எந்த டிகிரியில இழை பிரியுதுன்னு பாக்குறாங்க. குட்டிக் குப்பை சீக்கிரம் பிரிஞ்சுடும், அதுல மாட்டிக்கும்.

இன்னொண்ணு டாக்மேன். பேக்-மேன் கேம் ஆடியிருப்பீங்களே, வாயைத் திறந்து புள்ளி புள்ளியா முழுங்கிட்டே போகும். அந்தப் பேர்ல இருந்துதான் இந்தப் பேரே. நமக்கு வேண்டிய டிஎன்ஏ துண்டுல மட்டும் ஒட்டுற ஒரு புரோப். அதோட ஒரு முனையில விளக்கு, இன்னொரு முனையில அந்த வெளிச்சத்தை அமுக்குற மூடி. பாலிமரேஸ் இழையைக் கட்டிக்கிட்டே வரும்போது வழியில இருக்கிற புரோபைக் கடிச்சுத் தள்ளும். மூடி விலகும், விளக்கு எரியும். சரியான ஆளு இருந்தா மட்டும்தான் விளக்கு.

நம்பர் எங்கிருந்து வருது

இப்ப கிராஃபைக் கற்பனை பண்ணுங்க. கிடைமட்டத்துல சைக்கிள், செங்குத்துல ஒளிர்வு. முதல் பத்துப் பதினஞ்சு சைக்கிளுக்கு ஒண்ணும் தெரியாது, வெறும் இரைச்சல். அப்புறம் திடீர்னு மேல எழும்பும், கடைசியில படுக்கும். அந்த எழுச்சியில, இரைச்சலுக்குச் சற்று மேல ஒரு கோடு போடுறாங்க. மானிட்டரிங்ல அலர்ட் வைக்கிற மாதிரி. கிராஃப் அந்தக் கோட்டைத் தாண்டுற சைக்கிள் நம்பர்தான் சிடி.

ஆக, சிடி அளக்கிறது நேரத்தை. எத்தனை ரெட்டிப்புக்கு அப்புறம் கண்ணுல பட்டுச்சுங்கிறதை. ஆரம்பத்துல நிறைய இருந்தா சீக்கிரம் தாண்டும், நம்பர் சின்னதா இருக்கும். தலைகீழ் மர்மம் இவ்வளவுதான்.

அதுவும் நேர்கோட்டு வித்தியாசம் கிடையாது. சிடி 20-க்கும் 30-க்கும் நடுவுல 10 சைக்கிள். 2-ஐ 10 தடவை பெருக்கினா 1,024. அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம். பத்து மடங்கு வித்தியாசம்னா சுமார் 3.32 சைக்கிள். இந்த 3.32-ஐ நினைவுல வெச்சுக்கோங்க, ஏன்னா லேப்ல மெஷினோட ஒழுங்கைச் சோதிக்கிறதே இதை வெச்சுத்தான். அளவு தெரிஞ்ச டிஎன்ஏ-வை எடுத்து, பத்துப் பத்து மடங்கா நீர்த்து, வரிசையா ஓட்டுவாங்க. 10 லட்சம் பிரதி, 1 லட்சம், 10,000, 1,000 இப்படி. ஒவ்வொரு படிக்கும் 3.32 சைக்கிள் தள்ளிப் போனா, ரெட்டிப்பு சரியா நடக்குதுன்னு அர்த்தம்.

சரியா நடக்கலன்னா? ஒவ்வொரு சைக்கிளும் 2 மடங்குக்குப் பதிலா 1.9 மடங்குன்னு வெச்சுக்கோங்க. கேட்க சின்ன வித்தியாசம். 30 சைக்கிள் கழிச்சு, 107 கோடி வர வேண்டிய இடத்துல சுமார் 23 கோடிதான் வரும். கூட்டு வட்டி யாரையும் விடாது.

தயிர் கதையில சொன்னா, ஒரு பாத்திரம் அடுப்பு மேடையில, இன்னொண்ணு ஏசி ரூம்ல. முதல்ல உறைஞ்சதுலதான் உறை அதிகம்னு இப்ப சொல்ல முடியாது. அதே காரணத்தாலதான், ரெண்டு வெவ்வேறு லேப்ல எடுத்த சிடி வேல்யூவை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. கிட் வேற, தேடுற ஜீன் வேற, மூக்குல குச்சி விட்டு எடுத்தவர் கை வேற. 2021-ல ஐசிஎம்ஆர் 35-ங்கிற எல்லையை வெச்சது. 35-க்குக் கீழ இருந்தா பாசிட்டிவ். அது பாசிட்டிவா நெகட்டிவான்னு முடிவெடுக்க வெச்ச கோடு. வாட்ஸ்அப் குரூப்ல ரேங்க் போடுறதுக்கு வெச்சது இல்ல.

துளித்துளியா எண்ணுறது

நேரத்தை அளந்து ஊகிக்கிறதுக்குப் பதிலா, நேரா எண்ணவே முடியாதா? முடியும். 1999-ல பெர்ட் வோகல்ஸ்டைனும் கென்னத் கின்ஸ்லரும் டிஜிட்டல் பிசிஆர்-னு ஒரு பேரோட இதை விளக்கினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா இது.

மாதிரியை 20,000 குட்டித் துளியா பிரிச்சுடுங்க. ஒவ்வொரு துளியும் தனி டியூப் மாதிரி. எல்லாத்துலயும் கடைசி வரைக்கும் பிசிஆர் ஓட்டுங்க. டிஎன்ஏ இருந்த துளி ஒளிரும், இல்லாத துளி இருட்டு. ஒண்ணு அல்லது பூஜ்யம். ஒளிருறதை எண்ணினாப் போதும். ரெட்டிப்பு 2 மடங்கா 1.9 மடங்கான்னு பெருசா கவலைப்பட வேண்டாம், ஏன்னா எவ்வளவு சீக்கிரம் எரிஞ்சுதுன்னு யாரும் கேட்கப் போறதில்ல. எரிஞ்சுதா இல்லையா, அவ்வளவுதான்.

ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. 20,000-ல 10,000 துளி ஒளிர்ந்தா, 10,000 பிரதி இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. சில துளியில ரெண்டு மூணு சேர்ந்து விழுந்திருக்கும். பாய்சான் கணக்கு போட்டா சுமார் 13,860 வரும். நம்ம ஆளுங்களுக்கு ஹாஷ் கொலிஷன் ஞாபகம் வரணும். அதே கணக்குதான்.

தண்ணி ஊத்தின குழி

சரி, எண்ணத் தெரிஞ்சாச்சு. ஆனா நாம எண்ணினது நோயாளியோட டிஎன்ஏ-வைத்தானா?

என் ஃப்ரெண்ட் ஒருத்தி மாலிக்யூலர் பயாலஜி லேப்ல வேலை பாக்குறா. ஒரு நாள் அவ பிளேட் ரெடி பண்றதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். 96 குழி இருக்கிற பிளாஸ்டிக் தட்டு. மாதிரி எல்லாம் போட்டு முடிச்சுட்டு, சில குழியில வெறும் தண்ணியை ஊத்தினா. "தண்ணிக்கு எதுக்கு இவ்வளவு விலையுள்ள கெமிக்கலை வீணாக்குற?"ன்னு கேட்டேன். "இந்தக் குழி எரிஞ்சா இந்தத் தட்டு மொத்தமும் குப்பைக்குப் போகும். மத்த எல்லாக் குழியையும் விட இதுதான் எனக்கு முக்கியம்"னா.

தயிருக்கே வருவோம். உறையே ஊத்தாத ஒரு பாத்திரம் பாலை, காய்ச்சி ஆறவெச்சு, பக்கத்துல வைங்க. காலையில அதுவும் தயிராகியிருந்தா? கலக்கின ஸ்பூன்ல பழைய தயிர் ஒட்டியிருந்திருக்கு. அப்புறம் மத்த பாத்திரம் எதையும் நம்ப முடியாது. ஒரு பிரதியைக் கோடியாக்குற மெஷின், ஸ்பூன்ல ஒட்டின ஒரே ஒரு பிரதியையும் அதே மரியாதையோட கோடியாக்கும். அதுவும் முன்னாடி ஓட்டின பிசிஆர்-ல உருவான கோடிக்கணக்கான பிரதிகள் அதே ரூம் காத்துல, பிப்பெட்ல, கையுறையில இருக்கலாம்.

இப்ப அந்த வழக்குக் கதை.

டப்ளின் லேபும் தட்டம்மை வைரஸும்

1998-ல லான்செட் இதழ்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட்டாளிகளும் 12 குழந்தைகளைப் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூணுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம்ங்கிற பயம் அங்கிருந்து பரவுச்சு. அந்தக் கட்டுரையை 2010-ல லான்செட் திரும்பப் பெற்றது. ஆனா அதுக்கு முன்னாடி, 2002-ல, டப்ளின்ல இருந்த ஒரு லேப் ரியல் டைம் பிசிஆர் முடிவோட வந்தது. வளர்ச்சிக் குறைபாடும் குடல் பிரச்சினையும் இருந்த 91 பிள்ளைகள்ல 75 பேரோட குடல்ல தட்டம்மை வைரஸ் இருக்கு, ஒப்பீட்டுக்கு எடுத்த 70 பேர்ல 5 பேர்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு சொன்னாங்க.

75-க்கு 5. பாக்குறவங்களுக்கு இதை விட என்ன ஆதாரம் வேணும்? பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பதில் தேடி வருஷக்கணக்கா அலைஞ்ச பெற்றோர் இதைப் பிடிச்சுக்கிட்டதுல ஆச்சரியமே இல்ல. அமெரிக்காவுல தடுப்பூசி நீதிமன்றத்துல சுமார் 5,000 குடும்பங்கள் மனு போட்டிருந்தாங்க. 2007-ல மாதிரி வழக்குகளை எடுத்து விசாரிச்சப்போ, வைரஸ் குடல்லயே தங்கிடுச்சுங்கிற வாதம் இந்த லேபோட அளவீட்டு மேலதான் நின்னுது.

அரசுத் தரப்பு நிபுணர் சாட்சியா வந்தவர் ஸ்டீபன் பஸ்டின். லண்டன்ல வேலை பார்த்த, இந்த டெக்னிக்லயே ஊறின ஆளு. அவர் மருத்துவ வாதத்துக்குள்ள போகல. அந்த லேபோட மூல டேட்டாவையும் நோட்டுகளையும் எடுத்து, சிடி வேல்யூவை வரிசையாப் படிச்சார். ஒரு நல்ல டீபக்கிங் செஷன் மாதிரி.

முதல் விஷயம். தட்டம்மை ஒரு ஆர்என்ஏ வைரஸ், கொரோனா மாதிரியே. பிசிஆர் டிஎன்ஏ-வை மட்டும்தான் பிரதி எடுக்கும். அதனால முதல்ல ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வா மாத்தணும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன்-னு பேரு. ஆர்டி-பிசிஆர்-ல இருக்கிற ஆர்டி இதுதான், ரியல் டைம் இல்ல. அந்த லேப்ல சில தடவை இந்தப் படியே விட்டுப் போயிருந்துச்சு. அப்ப தட்டம்மைக்கான சிக்னல் வரவே கூடாது. ஆனா வந்திருக்கு. மாத்தின மாதிரியில வந்த அதே அளவுல. வைரஸ்ல இருக்கவே முடியாத டிஎன்ஏ அங்க இருந்திருக்குன்னா, அது வெளியில இருந்து வந்த டிஎன்ஏ.

ரெண்டாவது, எனக்கு ரொம்ப அழகாப் பட்டது. மாதிரிகள்ல சிலது உறைய வெச்ச புதுத் திசு, சிலது ஃபார்மலின்ல ஊற வெச்ச திசு. ஃபார்மலின் ஆர்என்ஏ-வைச் சிதைச்சுடும். எல்லா மனித செல்லிலும் இருக்கிற ஒரு சாதாரண ஜீனை அளந்தப்போ, எதிர்பார்த்த மாதிரியே ஃபார்மலின் திசுவுல சிடி தள்ளிப் போயிருந்துச்சு. ஆனா தட்டம்மை சிக்னல் மட்டும் ரெண்டுலயும் ஒரே மாதிரி. வைரஸ் அந்தத் திசுவுக்குள்ள இருந்திருந்தா, அதுவும் சேர்ந்துதானே சிதைஞ்சிருக்கணும்? சிதையலன்னா, ஃபார்மலினுக்கு அப்புறம், லேபுக்குள்ள வெச்சுத்தான் அது உள்ள வந்திருக்கு.

மூணாவது, தண்ணிக் குழிகள்லயும் சிக்னல் வந்திருந்துச்சு.

2008-ல வேற ஆராய்ச்சியாளர்கள் புது மாதிரிகளை, யாரோடதுன்னு சொல்லாம, டப்ளின் லேப் உட்பட மூணு லேபுக்கு அனுப்பினாங்க. மூணும் ஒத்துப்போச்சு. ஆட்டிசம் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்ல. 2009 பிப்ரவரியில நீதிமன்றம் மனுதாரர்களோட வாதத்தை நிராகரிச்சது. அதே வருஷம் பஸ்டினும் கூட்டாளிகளும் மிக்கி-ன்னு சொல்ற ஒரு வழிகாட்டி விதித்தொகுப்பை வெளியிட்டாங்க. இப்படி ஒரு அளவீட்டைக் கட்டுரையில போட்டா, பிரைமர் என்ன, ரெட்டிப்புத் திறன் என்ன, தண்ணிக் குழியில என்ன வந்துச்சு, எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லணும்னு.

இதுக்கு நடுவுல இங்கிலாந்துல ரெண்டு வயசுக்குள்ள எம்எம்ஆர் போட்டுக்கிட்ட குழந்தைகள் 2003-04-ல சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கிட்டாங்க. தட்டம்மை பரவாம இருக்க 95 சதவீதம் வேணும். சந்தேகம் கிளம்பினதுக்குப் பல காரணம் உண்டு, லேப் மட்டும் இல்ல. ஆனா அந்தச் சந்தேகத்துக்கு ஒரு நம்பரைக் கையில கொடுத்தது ஒரு அழுக்கு ஸ்பூன்.

கடைசியா

பிசிஆர் மோசமான கருவின்னு யாரும் எடுத்துக்காதீங்க. தப்பைக் கண்டுபிடிச்சதும் அதே சிடி வேல்யூதான். கருவி ரெண்டு தடவையும் ஒரே வேலையைத்தான் செஞ்சுது. வித்தியாசம், கூட வெச்ச ஒப்பீடுகளை யார் படிச்சாங்கங்கிறதுல.

அதனால அடுத்த தடவை யாராவது ஒரு லேப் நம்பரை அனுப்பி "பாத்தியா, ஆதாரம்"னு சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. இது எண்ணிக்கையா, இல்ல எண்ணிக்கையை ஊகிக்க உதவுற வேற ஒரு அளவா? எதோட ஒப்பிட்டாங்க? தண்ணிக் குழியில என்ன வந்துச்சு? மூணாவது கேள்விக்குப் பதில் இல்லன்னா, முதல் ரெண்டைப் பத்திப் பேசவே வேண்டாம்.

உங்க வேலையிலயும் இந்தத் தண்ணிக் குழிக்குச் சமமா ஏதாவது இருக்கும். டெஸ்டிங்ல, அக்கவுன்ட்ஸ்ல, சமையல்ல, எதுலயும். அது என்னன்னு எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதா ரெண்டு மூணை அடுத்த எபிசோட்ல போடுறேன். அதுவரைக்கும், உறை ஊத்துற ஸ்பூனை நல்லா கழுவுங்க.